உன் இடுப்பிலும் என் பல்லிலும்

தெல்லிப்பழை, யாழ்ப்பாணம்

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. இடுப்பு மூட்டை மாற்றிச் சீமெந்து வைத்து இறுக்கப் போகிறார்களாம், பயமாய் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கோவிக்காதே, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைத் தூசு படிந்த முருங்கையிலையைக் கழுவிக் கழுவிச் சாப்பிட்டு வளர்ந்த நீயா சீமெந்துக்குப் பயப்படுகிறாய்!

பெயர்தான் சீமெந்து மச்சான். உனக்கு வைக்கப்போவது அக்ரிலிக் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். அம்மம்மா இரவில் தண்ணிக் குவளைக்குள் போட்டு வைப்பாவே ஒரு ரோஸ் நிறப் பல்லுத்தட்டு, அந்த இனம். 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற டொக்டர் இடுப்பு மூட்டைப் பொருத்த வழி தேடியபோது, மான்செஸ்டர் பல்மருத்துவத் துறையிலிருந்த டெனிஸ் ஸ்மித்தான் இதைக் காட்டிக் கொடுத்தார். தூளையும் திரவத்தையும் குழைத்தால் மாவுபோல வரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடேறி இறுகிவிடும். பசைபோல ஒட்டாது. எலும்பின் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், மாபிள் இடுக்குக்குச் சாந்து அடைக்கிற மாதிரி. உள்ளே அழுத்தும் நேரத்தில் சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென விழும். அதனால் மயக்க மருந்து தருபவரிடம் உன் இதயக் குளிசைகளை ஒன்று விடாமல் சொல்லு.

உண்மையான சீமெந்து இருப்பது என் வாயில். போன வருடம் கடைவாய்ப் பல்லின் வேரில் ஒரு துளை. பல்லு டொக்டர் அதற்குள் வைத்த எம்டிஏ என்ற மருந்தின் பெரும்பகுதி வீடு கட்டுகிற போர்ட்லண்ட் சீமெந்து! எக்ஸ்றேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஒக்சைட்டும் கலந்திருக்கும். 1990களில் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்களாம். ஈரத்திலேயே இறுகுவதுதான் அதன் கெட்டித்தனம். ரத்தமும் எச்சிலும் ஊறும் இடத்தில் வேறு எது நிற்கும்? ஆக, பல்லுச் சாமான் உனக்கு இடுப்பில், வீட்டுச் சாமான் எனக்குப் பல்லில்.

ஆனால் அதே சீமெந்து என்னைப் படுத்திய பாட்டையும் கேள். மாரிக்கு முன் விறாந்தைக்குத் தரை போட்டோம். மேசனுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒன்றரை மணித்தியாலம் ஈரச் சாந்தில் முழந்தாளில் நின்றேன். உடுத்திருந்த சாரம் ஊறிப்போய்விட்டது. நோவே இல்லை, அதுதான் கள்ளம். குளிக்கும்போது லேசாய் எரிந்தது. விடிய இரண்டு முழங்காலும் கறுத்துவிட்டன, மூன்றாம் நாள் தோல் உரிந்தது. தண்ணீர் பட்ட சீமெந்து தோலை அரிக்கும் கடும் காரம், அதை அளக்கும் பிஎச் கணக்கில் 12, 13 வரை போகும். மெல்ல மெல்லத்தான் தின்னும். பட்ட உடனே நனைந்த உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவியிருந்தால் தப்பியிருப்பேன். ஆறு கிழமை மருந்து கட்டினேன்.

மேசன் பெடியன் தன் கையைக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் வெடித்து, இரவில் சொறிந்து சொறிந்து இரத்தம் கட்டியிருந்தது. அது காரம் மட்டுமில்லை, சீமெந்திலுள்ள குரோமியத்தின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஒருமுறை பிடித்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் கிளம்பும். ஐரோப்பாவில் 2005 முதல் அந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். இங்கே பெடியன் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போகிறான். அதைவிட, காய்ந்த கொங்கிறீற்றையும் பழைய அஸ்பெஸ்ரோஸ் சீற்றையும் வாயை மூடாமல் கிரைண்டரால் வெட்டுகிறார்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய்விட்டால் திரும்பி வராது. சொன்னால், "ஒரு நாள் வேலைதானே ஐயா" என்கிறான்.

ஒப்பரேஷன் திகதி தெரிந்ததும் அறிவி. நடக்கத் தொடங்கியதும் ஊருக்கு வா. வரும்போது பெடியனுக்கு முழங்கை மட்டும் வரும் தண்ணீர் புகாத கையுறை இரண்டு சோடி கொண்டு வா. இங்கே நான் வாங்கியது மணிக்கட்டோடு நின்றுவிட்டது, உள்ளே சாந்து போய்விடுகிறது.

அன்புடன்,
ராசன்