மூன்று வெள்ளை அங்கிக்காரர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2019 மே மாதமே தொலைக்காட்சித் தொடர் முடிந்தாயிற்று, யார் செத்தார்கள், யார் பட்டத்துக்கு வந்தார்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், அப்புறமும் யார் யாருடைய பிள்ளை, யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று சண்டை போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்கிற தொனியில் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு வேலை இருக்கிறது சார். காலையில் ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு திரும்புகிறேன். அதற்கு அப்புறம்தான் இந்தச் சண்டை.

(கதையின் முடிச்சுகள் பலவற்றை இங்கே அவிழ்க்கப்போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுங்கள்.)

முதலில் ஒரு திருத்தம். முடிந்தது தொடர்தான். அதற்கு மூலமான ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் நாவல் வரிசை முடியவில்லை. ஏழு புத்தகம் என்று திட்டம். முதலாவது 1996இல் வந்தது, ஐந்தாவது 2011 ஜூலையில். ஆறாவதற்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் தொடர் புத்தகத்தைத் தாண்டி ஓடிவிட்டது, ஓடும்போது பலரை வழியிலேயே இறக்கியும் விட்டுவிட்டது. புத்தகத்தில் செத்துப்போன கேட்லின் ஸ்டார்க் அறுபட்ட கழுத்தோடு எழுந்து வந்து தன்னைக் கொன்ற ஃப்ரே குடும்பத்தாரைத் தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறாள்; தொடரில் அவள் செத்தது செத்ததுதான். ஐந்தாவது புத்தகத்தில் கதையையே புரட்டிப்போடுகிற ஏகான் என்ற இளவரசன் தொடரில் தலையே காட்டவில்லை. தொடரைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் விடை வந்துவிட்டது என்பது, பக்கத்து வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டில் சாம்பார் எப்படி என்று சொல்வதைப் போல.

அடுத்து, ஊகம் என்றாலே வெறும் பொழுதுபோக்கு என்று அவர் நினைப்பது. இதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜான் ஸ்னோவின் அம்மா யார் என்கிற கேள்வியை எடுத்துக்கொள்வோம். வடக்கை ஆளும் பிரபு நெட் ஸ்டார்க்குக்குத் தகாத வழியில் பிறந்த பிள்ளை என்று எல்லோரும் நம்புகிற ஜான், உண்மையில் நெட்டின் தங்கை லியான்னாவுக்கும் இளவரசன் ரேகார் டார்கேரியனுக்கும் பிறந்தவன் என்று தொடரில் காட்டியது 2016இல். முதல் புத்தகம் வந்த கொஞ்ச காலத்திலேயே வாசகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? கால் உடைந்து அபினி மயக்கத்தில் கிடக்கிற நெட் ஒரு கனவு காண்கிறான். டார்கேரியன் அரசனுக்கு எதிரான போர் முடிந்த சமயம், தானும் ஆறு தோழர்களும் டோர்ன் எல்லையில் இருக்கிற ஒரு கோபுரத்துக்குப் போகிறார்கள், வாசலில் அரசனின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த மூன்று வெள்ளை அங்கிக்காரர்கள் நிற்கிறார்கள். உங்களை டிரைடென்ட் போர்க்களத்தில் தேடினேன் என்கிறான் நெட். அங்கே நாங்கள் இல்லை என்கிறார்கள். தலைநகரம் விழுந்து அரசனே வெட்டுப்பட்டபோது எங்கே இருந்தீர்கள்? தொலைவில். சரி, ராணியும் சின்ன இளவரசன் விசெரிஸும் டிராகன்ஸ்டோனுக்குத் தப்பிப் போனார்களே, வில்லெம் டாரியோடு நீங்களும் கப்பல் ஏறியிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்கிறான். டாரி நல்லவர், ஆனால் மெய்க்காவல் படையைச் சேர்ந்தவர் இல்லை, எங்கள் படை ஓடாது என்று பதில் வருகிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்து யோசிக்க வேண்டும். அரசன் செத்தாயிற்று, பட்டத்து இளவரசன் ரேகார் செத்தாயிற்று, அவனுடைய கைக்குழந்தையும் போயிற்று. அப்படியென்றால் அடுத்த அரசன் விசெரிஸ். அரசனைக் காப்பது ஒன்றையே சத்தியமாக எடுத்த மூன்று பேர் அவனிடம் போகாமல் ஆள் நடமாட்டமில்லாத மலைக்கோபுரத்து வாசலில் சாவதற்குத் தயாராக ஏன் நிற்கிறார்கள்? உள்ளே லியான்னா ரத்தப் படுக்கையில் கிடக்கிறாள், அண்ணனிடம் ஏதோ சத்தியம் வாங்குகிறாள். விசெரிஸை விடப் பட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு அரசன் உள்ளே பிறந்திருந்தால் மட்டும்தான் இந்தக் காவலுக்கு அர்த்தம் உண்டு. மார்ட்டின் எந்த இடத்திலும் வாயைத் திறக்கவில்லை. காவல் நிற்கக் கூடாத இடத்தில் மூன்று பேரை நிற்க வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார், அவ்வளவுதான். இரண்டாம் புத்தகத்தில் ரேகாரின் தங்கை டெனேரிஸ் காண்கிற மாயக்காட்சியில் பனிச்சுவரின் வெடிப்பில் ஒரு நீலப்பூ முளைக்கிறது (ஜான் காவல் இருப்பதும் ஒரு பனிச்சுவரில்தான்). ரேகார் போட்டியில் ஜெயித்துவிட்டு, கட்டின மனைவியைத் தாண்டிப் போய் லியான்னாவின் மடியில் வைத்த மாலையும் நீல ரோஜாதான். தொடரை எடுக்க அனுமதி கேட்டு வந்த இரண்டு பேரிடம் ஜானின் அம்மா யார் என்று மார்ட்டின் கேட்டாராம், சரியாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தாராம். ஆக, உங்கள் கட்டுரையாளர் ரசித்த தொடரே ஒரு ரசிகர் ஊகத்தில் பாஸ் மார்க் வாங்கித்தான் பிறந்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது மேண்டர்லியின் கதை. வைமன் மேண்டர்லி என்று குதிரைகூடச் சுமக்க முடியாத அளவுக்குப் பருத்த ஒரு பிரபு. கல்யாண விருந்துக்கு அழைத்து விருந்தாளிகளை வெட்டிய ஃப்ரேக்களிடம் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அதே ஃப்ரேக்கள் மூன்று பேர் அவர் வீட்டில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டே சோறு போடுகிறார். கிளம்பும்போது ஆளுக்கொரு குதிரை பரிசு. பரிசு கொடுத்து வழியனுப்பிவிட்டால் விருந்தோம்பல் கடமை தீர்ந்தது என்பது அந்த ஊர் வழக்கம். மூன்று பேரும் வழியில் காணாமல் போகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து ஸ்டார்க் குடும்பத்தின் கோட்டையான வின்டர்ஃபெல்லில், ஃப்ரேக்களின் கூட்டாளியான போல்டன் வீட்டுப் பிள்ளை ராம்சேயின் கல்யாணத்துக்கு இவர் மூன்று பெரிய பை கொண்டுவருகிறார் (இறைச்சியை மாவுக்குள் மூடிச் சுடுவார்களே, அது), போல்டனுக்குத் தன் கையாலேயே பரிமாறுகிறார், பையொன்றுக்கு இரண்டு என ஆறு துண்டைத் தானும் சாப்பிடுகிறார், போதை ஏறியதும் பாட்டுக்காரனிடம் எலிச் சமையல்காரன் பாட்டைப் பாடச் சொல்கிறார். அந்தச் சமையல்காரன் யார் என்பது அதற்கு இரண்டு புத்தகத்துக்கு முன்னால் வந்த கதை: அரசனின் மகனைக் கொன்று பையில் வைத்து அரசனுக்கே பரிமாறியவன். தெய்வங்கள் அவனைத் தண்டித்தது கொலைக்காக அல்ல, கொன்றது விருந்தாளியை என்பதற்காக. பையில் என்ன இறைச்சி என்று ஐந்தாவது புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. சிறுத்தொண்டர் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கறி என்ன என்று புரிய எவ்வளவு நேரம் ஆகும்? தொடர் இந்தப் பையை எடுத்து நெட்டின் மகள் ஆர்யா கையில் கொடுத்துவிட்டது. கைதட்டலாம்தான். ஆனால் குதிரை கொடுத்துக் கடமையைக் கழிக்கிற நுணுக்கம் போயே போய்விட்டது.

எல்லா ஊகத்தையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஏகான் விஷயத்தில் எனக்கே நிச்சயமில்லை. ரேகாரின் மகனை அன்றைக்கே கொன்றுவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஒற்றர் தலைவன் வேரிஸ் குழந்தையை மாற்றிவைத்துக் காப்பாற்றினான், இதோ அவன் என்று ஒரு பையன் வந்து நிற்கிறான். இவன் டார்கேரியனே இல்லை, அவர்களோடு தலைமுறை தலைமுறையாகப் பட்டத்துக்கு மோதித் தோற்ற பிளாக்ஃபயர் கிளையின் வாரிசு என்கிறார்கள். நான்காவது புத்தகத்தில் ஒரு சத்திரத்தின் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேச்சு வரும்: இரும்பில் செய்த கறுப்பு டிராகன், ஒரு பிரபு அதை உடைத்து ஆற்றில் எறிகிறார், பல வருடம் கழித்து அதன் தலை ஒன்று கரை ஒதுங்குகிறது, அதற்குள் துரு ஏறிச் சிவந்துவிட்டது. பிளாக்ஃபயர் கொடியில் கறுப்பு டிராகன், டார்கேரியன் கொடியில் சிவப்பு. கறுப்பு தண்ணீரில் கிடந்து சிவப்பாகத் திரும்பி வருகிறது! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த புத்தகத்தின் கடைசியில் வேரிஸ், செத்துக்கொண்டிருக்கிற கெவன் லானிஸ்டரிடமே பையன் ஏகான்தான் என்கிற மாதிரி பேசுகிறானே, சாகிறவனிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இதற்கு எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.

ஆனால் டிரியன் லானிஸ்டரும் ரகசிய டார்கேரியன்தான் என்கிறார்களே, அதை நான் ஏற்கவே மாட்டேன். குறிப்புகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. பைத்தியக்கார அரசனுக்கு (ரேகாரின் அப்பா) டிரியனின் அப்பா டைவினுடைய மனைவி மேல் ஒரு கண் இருந்ததாகப் புத்தகத்திலேயே வருகிறது. இருந்தாலும் பெற்ற மகனை மகன் என்று ஒப்புக்கொள்ளாத அப்பன், அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிற மகன், அந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வேறு அப்பன் என்று ஆக்கிவிட்டால் டைவின் செய்தது நியாயம் என்று ஆகிவிடாதா? பிடித்த பாத்திரத்துக்கெல்லாம் டிராகன் வேண்டும் என்கிற ஆசையில் பிறந்த ஊகம் இது. இந்த மாதிரி ஆட்களைக் கட்டுரையாளர் திட்டியிருந்தால் நானே பக்கத்தில் நின்று திட்டியிருப்பேன்.

வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காகத் திட்டத்தை மாற்ற மாட்டேன், மாற்றினால் வைத்த குறிப்பெல்லாம் பொய்யாகிவிடும் என்ற பொருளில் மார்ட்டின் பேசியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் பெயர்ப்பலகையையும் பைத் துண்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில், பட்டத்துக்குப் போட்டியிடுகிற ஸ்டானிஸ் பனியில் சிக்கிக் கிடக்கிறான். அவன் செத்துவிட்டான் என்று ஜானுக்கு ஒரு கடிதம் வருகிறது, ராம்சே பெயரில். அவன் வழக்கமாக அனுப்புகிற மாதிரி அதில் தோல் துண்டு இல்லை, ரத்தத்தில் எழுதிய எழுத்தும் இல்லை. அந்தக் கடிதம் பொய் என்று நானும், உண்மை என்று என் மச்சினனும் ஒரு மட்டன் பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம். 2015இல் தொடரில் பிரியன் என்ற வீராங்கனை வாளை ஓங்கி ஸ்டானிஸ் கதையை முடித்த மறுநாளே மச்சினன் பிரியாணி கேட்டு போன் பண்ணினான். புத்தகம் வரட்டும்டா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.