‘தே இரு’ என்பது ‘கொண்டிரு’ மட்டும் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஜப்பானிய மொழிப் பயிற்சிப் பகுதியில், வினையோடு சேரும் ‘தே இரு’ என்னும் வடிவம் நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். ‘தபேதே இரு’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது சரியே. ஆனால் அந்த விதியையே பிடித்துக்கொண்டு ‘ஷிந்தே இரு’ (செத்திருக்கிறது) என்பதற்குப் பொருள் சொல்லப் புகுந்தால், தொட்டியில் செத்து மிதக்கும் மீனுக்கு இன்னும் உயிர் இருப்பதாகிவிடும்.

சாதல், திறத்தல், போதல் போன்று நிலையை மாற்றிவிட்டு முடியும் வினைகளில் ‘தே இரு’ பெரும்பாலும் அந்த மாற்றத்திற்குப் பின் நிற்கும் நிலையையே காட்டுகிறது. 1950ஆம் ஆண்டில் ஜப்பானிய மொழியியலாளர் கின்தாஇச்சி ஹாருஹிகோ ஜப்பானிய வினைகளை நான்காக வகுத்தபோது, ‘தே இரு’ சேருமா, சேர்ந்தால் என்ன பொருள் தரும் என்பதையே உரைகல்லாகக் கொண்டார். ‘ஒசாகா நி இத்தே இரு’ என்றால் ஒசாகாவுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். போயிருக்கிறார், வந்திருக்கிறார் என்று நாள்தோறும் பேசும் நமக்கு இது தடுமாற்றம் தரவே கூடாது. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதால்தான் தருகிறது. (‘கெக்கோன் ஷிதே இரு’ என்றால் மணமானவர். இதைத் ‘திருமணம் செய்துகொண்டிருக்கிறார்’ என்று எழுதினால் தமிழிலும் இரு பொருள் படும் என்பது வேறு கதை.)

என் வகுப்பில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. ஒன்று இருப்பதைச் சொல்ல உயிருள்ளவற்றுக்கு ‘இரு’, உயிரற்றவற்றுக்கு ‘அரு’ என்று முதலில் படித்த மாணவர்கள், ஜன்னல் உயிரற்றதாயிற்றே என்று ‘அயிதே அரு’ என எழுதிவிடுகிறார்கள். துணைவினையில் அந்தக் கணக்குச் செல்லாது. ஜன்னல் திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்ல ‘மதோ கா அயிதே இரு’. காற்று வரட்டும் என்று யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது தொனிக்க வேண்டுமானால் ‘மதோ கா அகெதே அரு’. தமிழில் ‘திற’ ஒன்றே இரண்டுக்கும் போதும்; ஜப்பானியத்தில் ‘அகு’ தன்வினை போல நிற்க, ‘அகெரு’ செயப்படுபொருளை ஏற்கும். ‘அரு’ சேர்வது பின்னதோடுதான். நம் உடைந்து, உடைத்து என்னும் இணையை நினைத்துக்கொண்டால் போதும்.

‘இரு’ என்னும் ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாட நான் வரவில்லை. ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு முன்வைத்த தமிழ்-ஜப்பானிய உறவுக் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பாடம் நடத்த அந்த உறவு தேவையுமில்லை. வரும் பகுதியில் ‘தே இரு’வின் இந்த இரண்டாம் பொருளைச் சேர்த்து வெளியிடுவதோடு, முன்னேற்பாட்டைக் குறிக்கும் ‘தே ஒகு’வை நம் ‘வாங்கி வை’, ‘சொல்லி வை’ ஆகியவற்றின் துணையோடு விளக்கவும் வேண்டுகிறேன். ‘ஒகு’ என்பதற்கும் வைத்தல் என்பதே பொருள்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.