கும்பகோணம் மாவட்டம் கேட்கும் சொந்தங்களுக்கு மாயவரத்திலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் தாலுகாக்களைச் சேர்த்துத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டு வருகிறீர்கள். மக்களவைத் தொகுதியில் இந்த மூன்று ஊரும் எங்கள் மயிலாடுதுறையோடுதான் இருக்கின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1991-இல் தஞ்சாவூரைப் பிரித்தபோது எங்களை நாகப்பட்டினத்தோடு சேர்த்தார்கள். 1997-இல் நடுவிலிருந்து திருவாரூர் தனி மாவட்டமாகப் போனது. எங்கள் மாவட்டம் இரண்டு துண்டாகிவிட்டது. ஆட்சியரைப் பார்க்கத் தரங்கம்பாடி வழியாகப் போனால் நடுவே காரைக்கால், அது புதுச்சேரியைச் சேர்ந்தது. இந்தப் பக்கமாகப் போனால் திருவாரூர் மாவட்டம். பட்டா மாற்ற மனுவோடு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அப்பாவுடன் போயிருக்கிறேன். பொழுது விடிவதற்குள் பழையது சாப்பிட்டுக் கிளம்புவோம், திரும்பி வரும்போது வீட்டில் விளக்கு வைத்திருப்பார்கள். மனு கொடுக்க ஆனது என்னவோ இரண்டு நிமிடம்தான். நடவு நேரத்தில் அப்படி ஒரு நாள் போனால் அது விவசாயிக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமானது. அதைப் பார்க்க அப்பா இல்லை.

ஆனால் பெயர் வந்த வேகத்தில் மற்றவை வரவில்லை. மன்னம்பந்தலில் ஆட்சியர் அலுவலகத்தின் புதுக் கட்டடம் திறந்ததே 2024 மார்ச்சில்தான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அதில் ஒன்று நாகப்பட்டினத்துக்குக் கிடைத்தது, பிரிந்து வந்த எங்களுக்கு இல்லை. பெரிய வியாதி என்றால் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ ஓடுகிறோம்.

அதனால் மாவட்டம் வேண்டும் என்பதோடு உங்கள் மனுவை நிறுத்திவிடாதீர்கள். எந்தெந்த அலுவலகம், எங்கே, எத்தனை நாளைக்குள் என்று எழுதிக் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே மருத்துவக் கல்லூரியாக உயர்த்தக் கேட்பதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

அப்புறம் எல்லை. வலங்கைமான்காரர்களுக்குக் கடை கண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் கும்பகோணம். மாவட்டம் மட்டும் திருவாரூர். அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். வரைபடத்தில் கோடு போட்ட பிறகு கேட்டால் பிரயோசனம் இல்லை, அதை நாங்கள் முப்பது வருடம் அனுபவித்தோம்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால், இங்கே மாவட்டத்துக்காக அலைந்தவர்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு வருகிறேன். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அன்புடன்,
மாயவரத்து விவசாயி ஒருவன்