குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். 1860-61-இல் அமெரிக்காவின் மேற்கே குதிரையில் தபால் கொண்டுபோன போனி எக்ஸ்பிரஸ் என்ற தபால் சேவையைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை சுமார் 1,900 மைல், பத்து நாள் பயணம், காற்றாய்ப் பறந்த இளைஞர்கள் என்று ஆசையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் படித்து முடித்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. குதிரையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு முழுப் பக்கம். அடுத்த குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டு வெயிலிலும் பனியிலும் காத்து நின்றவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

நான் நெவாடாவில், ரீனோவில், 19 வருடமாகத் தபால் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். வாசலில் கடிதம் கொடுப்பவரை எல்லோருக்கும் தெரியும், எங்களை யாருக்கும் தெரியாது. அதனாலோ என்னவோ, போனி எக்ஸ்பிரஸ் என்றால் என் மனசு நேரே குதிரை மாற்றிக் கொடுத்த அந்த ஸ்டேஷன்காரர்களிடம்தான் போகிறது.

ஒரு ஆள் ஒரே மூச்சில் 75 முதல் 100 மைல் வரை ஓட்டுவார். குதிரையால் அது முடியாது. பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு குதிரை மாற்ற வேண்டும். அதற்காக வழி நெடுகப் போட்ட ஸ்டேஷன்கள் சுமார் 190. குதிரை மாற்றும் சின்ன ஸ்டேஷன் என்றால் இரண்டு பேர், சில இடங்களில் அதுவும் இல்லை. தூரத்தில் புழுதி தெரிந்ததும் புதுக் குதிரையை வெளியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தபால் இருந்தது மோச்சிலா என்ற தோல் விரிப்பில். சேணத்தின் மேல் போர்த்துவதற்கு அதில் ஓட்டை வெட்டியிருக்கும், நான்கு மூலையிலும் நான்கு கெட்டித் தோல் பெட்டிகள் தைத்திருக்கும். பழைய குதிரையிலிருந்து அதை உருவிப் புதுக் குதிரையின் மேல் போட்டால் முடிந்தது. தந்த நேரம் இரண்டே நிமிடம். மூன்று பெட்டிகளுக்குப் பூட்டு உண்டு. நான்காவது பெட்டி வழியில் வாங்கி வழியில் கொடுக்கும் தபாலுக்கு, நேரச் சீட்டும் அதில்தான். குதிரை எத்தனை மணிக்கு வந்தது என்று ஸ்டேஷன்காரர் அந்தச் சீட்டில் குறித்துக் கொடுப்பார். இன்றைக்கு நான் ஒவ்வொரு மூட்டையையும் ஸ்கேன் செய்கிறேனே, அதே வேலை.

குதிரைகளின் வேகத்தைப் பாராட்டியிருந்தீர்கள். தானியம் தின்ற குதிரைகள் அவை. புல் மேய்ந்த குதிரைகளால் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. சரி, நெவாடாப் பாலைவனத்தில் தானியம் ஏது? வண்டிகளில் ஏற்றி, பல நாள் இழுத்துக்கொண்டு வந்துதான் ஸ்டேஷனில் சேர்த்தார்கள். அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஆரம்பத்தில் 5 டாலர் வாங்கியும் கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம்.

போன வசந்தத்தில் என் மகளோடு சாண்ட் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷனைப் பார்க்கப் போனேன். ஃபாலன் ஊரைத் தாண்டி, 50-ஆம் நெடுஞ்சாலை ஓரம், பெரிய மணல் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. பல காலம் மணல் மூடிக் கிடந்ததை 1970-களில் தோண்டி எடுத்தார்கள். இடுப்பளவு, மார்பளவு கற்சுவர்கள். கூரை கிடையாது. ஸ்டேஷன் நடந்த நாளிலேயே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. 1860 அக்டோபரில் அங்கே வந்த ஓர் ஆங்கிலேயப் பயணி, கூரையும் இல்லை, உட்கார நாற்காலியும் இல்லை, மூலையில் புகைகிற அடுப்பு, உள்ளே முழுக்கப் புழுதி என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கத்துத் தண்ணீர் பட்டால் கையே கொப்பளித்துவிடுமாம். நாங்கள் நின்ற பத்து நிமிடத்தில் பல்லிடுக்கெல்லாம் மணல். மகள் காருக்குள் போய்விட்டாள். நான் அந்த மூலையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மனுஷன் இங்கே பன்றி இறைச்சியும் பீன்ஸும் காபியுமாக மாதக்கணக்கில் இருந்திருக்கிறான். அவன் தூங்கிவிட்டால் தபால் நின்றுவிடும்.

செத்தவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். 1860 மே மாதம் கார்சன் ஆற்றங்கரையில் வில்லியம்ஸ் ஸ்டேஷனில் இருந்தவர்கள் பையூட் பழங்குடியைச் சேர்ந்த இரண்டு சிறுமிகளைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அவர்களை மீட்க வந்த பையூட் ஆண்கள் அங்கிருந்தவர்களைக் கொன்று ஸ்டேஷனைக் கொளுத்தினார்கள். பையூட் தலைவர் நுமாகா அதுவரை சண்டை வேண்டாம் என்று தம் மக்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தவர். பசியும் கோபமும் ஏற்கெனவே இருந்தன. சுரங்கக்காரர்கள் விறகுக்காகப் பின்யான் பைன் மரங்களை வெட்டித் தள்ளினார்கள், அந்த மரத்தின் கொட்டைதான் பையூட்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு. அப்புறம் மூண்ட போரில் பல ஸ்டேஷன்கள் எரிந்தன, தபால் சில வாரம் நின்றது. கம்பெனி ஆட்கள் 16 பேர் இறந்ததாகக் கணக்கு. ஆளில்லாத இடத்தில், ஓடித் தப்பக் குதிரை இருந்தும் லாயத்தை விட்டுப் போக முடியாமல் இருந்தவர்கள். சிறுமிகளுக்கு நடந்த கொடுமையில் அவர்களில் பலருக்குப் பங்கே இல்லை. உங்கள் கட்டுரை "செவ்விந்தியர் தாக்குதல்" என்று இரண்டே சொல்லில் இதைத் தாண்டிவிட்டது. அது பையூட்களுக்கும் நியாயம் இல்லை, இறந்தவர்களுக்கும் நியாயம் இல்லை.

இன்னொன்று. "அனாதைகளுக்கு முன்னுரிமை" என்ற விளம்பரத்தைப் படமாகப் போட்டிருந்தீர்கள். அந்தக் காலத்துப் பத்திரிகை எதிலும் அப்படி ஒரு விளம்பரத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

1861 அக்டோபர் 24 அன்று சால்ட் லேக் சிட்டியில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தந்திக் கம்பிகள் இணைந்தன. இரண்டு நாளில் கம்பெனி கடையை மூடுவதாக அறிவித்தது. ஏறக்குறைய பதினெட்டு மாதம்தான் ஓடியது. இத்தனை சின்னக் கதையில் ஸ்டேஷன்காரர்களுக்கும் ஒரு பத்தி இடம் இருக்கும் என்று நம்புகிறேன். சாண்ட் ஸ்பிரிங்ஸில் நான் எடுத்த இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் படத்தில் வலது ஓரம் தெரிவதுதான் நான் சொன்ன மூலை.

அன்புடன்,
ஒரு வாசகி,
ரீனோ, நெவாடா