பென்ஷனா, கேன்டீனா, இதரவா? முன்னாள் படைவீரர் நல அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் போன மாதம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி உங்களுக்கு வந்திருக்கும். பேமிலி பென்ஷனுக்கான தாள்களை அவர் மனைவி கொடுத்தாயிற்று. அந்த வேலை விரைவாகவே நடக்கிறது, குறை சொல்வதற்கில்லை. என் குறை அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றியது.

சித்திரையில் அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, உங்கள் அலுவலகம் ஒன்றுக்குப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். "ராத்திரி தூங்க மாட்டேங்காக சார். கோயில் கொடைக்கு வேட்டு போட்டா மோட்டார் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிடுதாக. பிள்ளைககிட்டகூடப் பேச்சில்லை. யார்கிட்டக் காட்டணும்?" என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இது பென்ஷனா, கேன்டீனா, நிலப் பிரச்சினையாம்மா? எந்தத் தலைப்புல எழுத?" என்றார். கடைசியில் 'இதர' என்று எழுதி ரசீது கொடுத்தார். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மனசுக்குள் ஓடுவதை அடையாளம் கண்டு, வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியை முன்னாள் படைவீரர்களுக்கும் வீட்டாருக்கும் தாலுகா தோறும் தமிழில் நடத்துங்கள்.

இதற்கெல்லாம் ஒரு பயிற்சியா என்று தோன்றலாம். படைப்பிரிவில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசும் சைனிக் சம்மேளனத்தில் சி.ஓ. சாப், அதாவது எங்கள் கமாண்டிங் ஆபீசர், "கோயி தக்லீஃப்?" (ஏதாவது கஷ்டமா?) என்பார். அத்தனை பேரும் ஒரே குரலில் "நஹீன் சாப்!" (இல்லை ஐயா!) என்போம். எம்.ஐ. ரூம் என்கிற படைப்பிரிவு மருத்துவ அறையில் காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, சுளுக்குக்குக் கட்டு உண்டு. பயம், வெட்கம், கூட நின்றவன் செத்த துக்கம் எல்லாம் எங்களுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். இல்லாவிட்டால் பாட்டிலில் இறங்கும். எந்நேரமும் எரிந்து விழுகிறவனை வீட்டில் ஒதுக்குவார்கள். அவன் இன்னும் உள்ளே போய்விடுவான். தூக்கம் கெடுவதும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவதும் எதனால் என்று தெரிந்தால்தானே உதவி கேட்கத் தோன்றும்? வீட்டாருக்கும் ஒன்று தெரிய வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். பலர் வாய் திறப்பதே அந்தக் கேள்விக்குத்தான்.

அமெரிக்காவில் 2022-இல் முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர் தற்கொலையால் இறந்ததாக அந்த நாட்டு நலத்துறையே எண்ணிச் சொல்கிறது. அறிகுறியைக் கவனிக்கவும், நேராகக் கேட்கவும், சிகிச்சைக்கு அனுப்பவும் டாக்டர் அல்லாதவர்களுக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலைப் பட்டியலில் 'ஓய்வுபெற்றோர்' என்று ஒரு வரிசை இருக்கிறது. முன்னாள் படைவீரருக்குத் தனி வரிசை இல்லை.

ஆண்டுக்கொரு முறை நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கைரேகை வாங்கிச் சரிபார்க்கிறீர்கள். எப்படி இருக்கிறோம் என்று கேட்க மட்டும் படிவம் அச்சாகவில்லை போலும். டிசம்பர் 7 வந்தால் கொடிநாள் வசூல், பொன்னாடை, போட்டோ. ஊரில் நலம் விசாரிப்பதும் "மிலிட்டரி, இந்த மாசக் கோட்டா வாங்கியாச்சா?" என்று கேன்டீன் சரக்கைப் பற்றித்தான். நாற்பது வயதுக்குள் திரும்பி வருகிற சிப்பாய்க்கு ஏ.டி.எம். வாசலில் காவல் வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காத்திருக்கிறது. சரி, இதைச் சொல்ல நான் உட்காரவில்லை. மன்னிக்கவும்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறதே என்பீர்கள். தமிழிலும் பேசலாம், நல்ல ஏற்பாடு. எல்லா கேன்டீன் சுவரிலும் அதை ஒட்டுங்கள். ஆனால் "ஒண்ணுமில்லண்ணே" என்றே பழகியவன் போனை எடுத்து என்ன சொல்வான்? தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். முயன்ற பிறகு வருகிற அந்தக் கடமை கொஞ்சம் முன்னாலேயே வந்தால் என்ன?

குறைதீர் கூட்டத்துக்கு எப்படியும் எங்களை வரச் சொல்கிறீர்கள். அன்று காலையில் இரண்டு மணி நேரத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பேசட்டும், பக்கத்தில் எங்களில் ஒருவர் நிற்கட்டும். டாக்டர் மட்டும் வந்தால் எங்கள் ஆட்கள் மறுபடியும் "நஹீன் சாப்"தான். பெண்களுக்குத் தனியாக ஓர் அமர்வு வேண்டும். கணவர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் பேச மாட்டார்கள். அப்புறம், பதிவேட்டில் மனநலம் என்று ஒரு தலைப்பையும் சேர்த்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

முதலில் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் தாலுகாக்களில் தொடங்கினால் போதும். ஆட்களைத் திரட்டி வருவது எங்கள் பொறுப்பு. தயவுசெய்து இந்தப் பயிற்சிக்கு ஒரு தேதி குறித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
களக்காடு வட்டாரம்