விரிவுரையாளர்களும் பத்திரிகை எழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விரிவுரையாளர்கள் பொதுவாசகருக்கு எழுதுவதில்லை என்பது பழைய குறை. எழுத வருவோர் சறுக்கும் இடத்தைப் பற்றித்தான் பேச்சில்லை. 8,000 சொல் ஆய்வுக் கட்டுரையை 800 சொல்லாகச் சுருக்கப் பார்க்கிறார்கள். கோட்பாட்டுப் பெயர்கள் மிஞ்சும், கட்டுரை பேசவந்த சாதியும் சீதனமும் காணாமற் போகும். சுருக்கக்கூடாது. ஒரேயொரு கூற்றை எடுத்து, வாசகர் அறிந்த ஒன்றிலிருந்து புதிதாக எழுதவேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்: இதை முதல் வரியில் வையுங்கள், ‘ஆணாதிக்கம்’ என்ற சொல்லே தேவைப்படாது.

இலக்கியத் திறனாய்வாளர் பேராசிரியர் க. கைலாசபதி இலங்கையின் தினகரன் நாளிதழ் ஆசிரியராக இருந்துவிட்டே பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அவரது ஆய்வு நூலை வெளியிட்டது. 1974இல், இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக உள்ள யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். பத்திரிகை மேசை அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இன்றோ பதவியுயர்வுப் புள்ளிகள் பெரும்பாலும் நடுவர் பார்த்த ஆய்விதழ்களுக்கே. இளையவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

தாங்களும் ஒன்று செய்யலாம். கட்டுரையை வெட்டுவதானால் கடைசிப் பந்தியை வெட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தார் முடிவை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள்.

வாசகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.