உண்ணி மருந்தும் கால்நடை மருத்துவரும் கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பூட்டிக் கிடக்கும் கால்நடை கிளை நிலையத்தைத் திறந்து, மாடுகளுக்கு உண்ணி மருந்து வழங்கக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

சித்திரையில் ஒன்று, ஆவணியில் ஒன்று என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. அதனால் தங்கள் மேலான சமூகத்துக்கு வருகிறோம்.

1. எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியும். 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த தெருதான். நிலையம் ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

2. மாடுகளுக்கு உண்ணி தாங்க முடியவில்லை. காது மடல், வாலடி, காம்பு இடுக்கு எல்லாம் அதுதான். ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல ஊதியிருக்கும். மடியில் உண்ணி இருந்தால் மாடு உதைக்கும், கறக்க விடாது. அதனால் விடிகாலையில் வெறும் கையால்தான் பிடுங்குகிறோம், நகத்தால் நசுக்குகிறோம். தெறிக்கிற ரத்தம் விரலிடுக்கில் காய்ந்திருக்கும். என் பேத்திக்கு எட்டு வயது. நான் பிடுங்கிப் போடுவதை அவள் கல்லால் நசுக்குகிறாள் ஐயா.

3. நர்சிங் படிக்கும் என் மகள் சொல்லித்தான் இதன் ஆபத்து தெரிந்தது. கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று ஒரு வைரஸ் நோய். உண்ணி கடித்தாலும், அதை நசுக்கினாலும், நோயுள்ள மாட்டின் ரத்தம் பட்டாலும் மனிதருக்கு வருமாம். மாட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வந்தவர்களில் நூற்றுக்கு 10 முதல் 40 பேர் வரை இறக்கிறார்களாம். போடுவதற்குத் தடுப்பூசியும் இல்லை. 2011 ஜனவரியில் குஜராத்தில் கண்டறிந்தபோது, நோயாளியைப் பார்த்த மருத்துவரும் செவிலியரும்கூட இறந்தார்கள். அந்த நோய் இங்கே வந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. வந்தால் முதலில் படுவது எங்கள் கைதானே?

4. நிலையத்தைத் திறக்க வேண்டும்.

5. வாரம் ஒரு நாளாவது மருத்துவர் வரட்டும். ஊசியோ தெளிக்கிற மருந்தோ, கையுறையோ, ஏதாவது கொடுங்கள். கையால் பிடுங்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள். பிடுங்காவிட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. இதை எத்தனை தடவை எழுதுவது ஐயா? நாங்கள் கேட்பது சாலையா, பாலமா? ஒரு பூட்டைத் திறக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

தயவுசெய்து நிலையத்தைத் திறக்க உத்தரவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன் மருந்து வந்து சேர வேண்டும் ஐயா.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் பெண்கள் சார்பில்.

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல்.